கம்பி வழியும் வான் வழியும்
மைசூர் இல்லங்களுக்கு இசை வந்த வரலாறு

தமிழில் 'தந்தி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வீணையில் கட்டிய கம்பியைத் தந்தி என்றனர் நம் முன்னோர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கம்பம் நட்டுக் கம்பி இழுத்து அதன் வழியே செய்தி அனுப்பும் முறை நம் நாட்டுக்கு வந்தபோது, அதற்கும் அப்பெயரையே வழங்கினர். பின்னர்க் கம்பியின் துணையின்றியே செய்தி அனுப்பும் விந்தை தோன்றவே, அதனைக் 'கம்பியில்லாத் தந்தி' என்று அழைத்தனர். கம்பியே இல்லையெனில் அது தந்தி ஆவது எங்ஙனம் என்று அந்நாளில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆயினும், கம்பி வேண்டுமா, வேண்டாவா என்னும் வினா மட்டும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம்மைத் தொடர்ந்து வருகிறது. இன்று வீட்டுக் கூடத்தில் ஓர் ஒலிபெருக்கியை வாங்கி வைப்பவரும், அதற்குக் கம்பி இழுப்பதா, வானலை வழியே இசையைச் செலுத்துவதா என்று எண்ணிப் பார்க்கிறார். இதற்கு விடை காணுமுன், இல்லங்களுக்கு இசை வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நலம். அவ்வழியில் மைசூர் நகருக்குச் சிறப்பான ஓர் இடம் உண்டு.

இசையை வீட்டுக்குக் கொணர்ந்ததில் முந்தியது கம்பியே ஆகும். 1881-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமான் அடேர் என்பவர் இசை நாடக அரங்கின் மேடையருகே ஒலிவாங்கிகளை அமைத்துத் தொலைபேசிக் கம்பியால் கண்காட்சி மண்டபத்துடன் இணைத்தார். மக்கள் இரு காதிலும் இரு குழல்களை வைத்துக்கொண்டு, தொலைவில் நடக்கும் பாட்டைக் கேட்டு வியந்தனர். 1890 முதல் இது கட்டணச் சேவையாகி, 1932 வரை நீடித்தது. ஹங்கேரி நாட்டுத் தலைநகரான புடாபெஸ்டில் 1893-இல் தொடங்கிய தொலைபேசிச் செய்திச் சேவை, செய்தியும் இசையும் நேரப்பட்டியல் வகுத்து வீடுகளுக்கு அனுப்பியது. இலண்டனிலும் 1895 முதல் 1925 வரை இத்தகைய சேவை ஒன்று இருந்தது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான இயல்புகள் சில. ஒலியைப் பெருக்கும் வால்வு அப்போது பிறக்கவில்லை; ஆகவே காதில் குழலை வைத்தே கேட்க வேண்டும். கம்பி இழுக்கப்பட்ட வீட்டுக்கே இசை வரும். கம்பிக்கோ மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். ஆதலின், பாட்டைக் கேட்டவர் பெரும்பாலும் வசதி படைத்தவரே. கட்டணம் நின்றால் கம்பியின் மறுமுனையில் இருப்பவர் இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இம்முறை வேரூன்றவில்லை. அதற்குக் காரணம் வெளிப்படை. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882-இலேயே தொலைபேசி இணைப்பகங்கள் ஏற்பட்டனவெனினும், 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியா முழுவதிலும் இருந்த தொலைபேசிகள் ஏறத்தாழ 80,000 மட்டுமே. முப்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில், தொலைபேசிக் கம்பியை நம்பி இசையைப் பரப்புவது இயலாத செயல்.

மைசூர் சமஸ்தானத்திலும் கம்பி முதலில் வந்தது இசைக்காக அன்று. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பெற்று, 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரினின்று மின்சாரம் எடுக்கப்பட்டது. ஏறக்குறைய 92 மைல் நீளமுள்ள கம்பிகள் அதனைக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சுமந்து சென்றன. 1905-இல் பெங்களூரும் 1908-இல் மைசூர் நகரமும் அம்மின்சாரத்தைப் பெற்றன. தங்கத்துக்கென இழுத்த கம்பி விளக்குக்கும் பயன்பட்டது. விளக்குக்கென வீட்டுக்குள் நுழைந்த கம்பியே பிற்காலத்தில் வானொலிப் பெட்டிக்கும் உயிரளித்தது.

அக்காலத்து மைசூர் இசைக்குப் பெயர் பெற்ற நகரம். வீணை சேஷண்ணா போன்ற பெரியோரால் மைசூர் வீணை மரபு புகழ்பெற்று விளங்கிற்று. ஆயினும் வீணையின் நாதம் மென்மையானது. அருகே அமர்ந்தோரையே அது முழுமையாக எட்டும். பெருங்கூட்டத்தின் கடைசி வரிசை வரை ஒலி எட்ட வேண்டுமென்று கருதிய வித்துவான் சௌடையா, தம் பிடிலில் ஏழு தந்திகளைப் பூட்டிக்கொண்டார். ஒலிபெருக்கி பரவாத நாளில் ஒலியைத் தொலைவுக்கு அனுப்ப ஒரு கலைஞர் கண்ட வழி அது. அரங்குக்கு வர இயலாதவருக்கு இசையை எங்ஙனம் அளிப்பது என்பதே எஞ்சி நின்ற வினா.

அதற்கு விடையளித்தது வானலை. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மிகக் குறுகிய மின்காந்த அலைகள் சுவரையும் கடந்து சென்று தொலைவில் மணியடிக்கச் செய்வதைப் பலரறியக் காட்டினார். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, எழும்பூரிலிருந்து 40 வாட் ஆற்றலுடன் ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் அது 1927-இல் நின்றது. பின்னர் 1930-இல் சென்னை நகராட்சி அப்பணியை மேற்கொண்டு, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவியது. வானொலிப் பெட்டி வாங்க வழியற்றவரும் மணலில் அமர்ந்து சங்கீதம் கேட்டனர். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை இவ்வேற்பாடு நடைபெற்றது.

இதற்கிடையில் மைசூரில் அரசோ வணிகரோ தொடங்காத ஒரு நிலையம் எழுந்தது. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய டாக்டர் எம். வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பரில், 'விட்டல் விகார்' எனும் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பைத் தொடங்கினார். கருவியின் ஆற்றல் 30 வாட். அந்நாளைய வீட்டு மின்விளக்கு ஒன்று எரிவதற்கு வேண்டிய மின்சாரத்தினும் அது குறைவு. நகரத்துக்குள்ளும் அதனைச் சுற்றியும் பாட்டும் பேச்சும் கேட்டன. பின்னர் 250 வாட் கருவி ஒன்றைத் தருவித்து அவர் நிலையத்தை வலுப்படுத்தினார். அந்நிலையத்துக்கு வழங்கிய 'ஆகாசவாணி' என்னும் பெயரே, 1950-களில் நாட்டின் வானொலி முழுமைக்கும் உரிய பெயராயிற்று.

தனியொருவர் தம் பொருளைக் கொண்டு நகர் முழுதும் கம்பி இழுத்திருக்க இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் கம்பம், ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் பழுது பார்ப்போர் என்று செலவு பெருகியிருக்கும். வானலையிலோ, ஒருவர் கேட்டாலும் ஆயிரவர் கேட்டாலும் அனுப்புவோருக்குச் செலவு ஒன்றே. கேட்போர் யார், அவர் எந்தத் தெருவினர் என்று அலை வினவுவதில்லை. இவ்வொரு பண்பே ஒரு பேராசிரியரின் வீட்டை ஒரு நகரத்தின் இசையரங்காக்கியது. 1940-களின் தொடக்கத்தில் மைசூர் அரசு அந்நிலையத்தை ஏற்றது. 1950 ஏப்ரலில் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1955-இல் ஒலிபரப்பு பெங்களூருக்கு மாறியது. மீண்டும் 1974 நவம்பரில் மைசூருக்கென ஒரு நிலையம் ஏற்பட்டது.

ஆயினும், வானொலி கம்பியை அறவே துறந்துவிட்டது என்று கருதுதல் பிழையாகும். பழைய வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகளில், கூரையின் மேல் இரு மூங்கிற் கழிகளுக்கிடையே ஏரியல் கம்பி கட்டப்பட்டிருக்கும். மற்றொரு கம்பி மண்ணில் புதைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது கம்பி சுவரிலிருந்து மின்சாரத்தைக் கொணரும். டிரான்சிஸ்டர் வந்தபின் ஏரியல் பெட்டிக்குள்ளேயே சிறு கம்பிச் சுருளாக ஒடுங்கிற்றே அல்லாமல் மறையவில்லை. கச்சேரி மண்டபத்திலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து ஊர்ப்புறத்திலுள்ள ஒலிபரப்பிக்கும் இசை சென்றது பெரும்பாலும் தொலைபேசிக் கம்பி வழியேதான். அலையாக வந்தது பயணத்தின் ஒரு பகுதி மட்டுமே. கம்பியும் அலையும் அன்றே வேலையைப் பங்கிட்டுக்கொண்டன.

இனி, கம்பியின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சோவியத் நாட்டில் இல்லந்தோறும் கம்பி வழி ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. 1941 முதல் 1944 வரை லெனின்கிராடு நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், நிகழ்ச்சிகள் ஓய்ந்த வேளைகளில் அவ்வொலிபெருக்கிகள் தாளக் கருவியின் ஓசையை ஒலித்துக்கொண்டிருந்தன. ஓசை மெல்ல ஒலித்தால் அமைதி. விரைந்து ஒலித்தால் விமானத் தாக்குதல். பசியிலும் இருளிலும் இருந்த மக்களுக்கு, நகரம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று உணர்த்தியது அக்கம்பியே. இடையூறின்றி உறுதியாக வந்து சேருதல் கம்பியின் குணம். ஆயின், அதே அரசு போர் தொடங்கியவுடன் மக்களிடமிருந்த வானொலிப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதையும் வரலாறு கூறுகிறது. கம்பியில் வருவதை மட்டுமே கேட்க வேண்டும் என்பது அதன் பொருள்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் 1949-இல் ரீடிஃப்யூஷன் என்னும் கம்பி வழிச் சேவை தொடங்கியது. மாதக் கட்டணம் செலுத்தினால் வீட்டில் ஓர் ஒலிபெருக்கியைப் பொருத்துவர். அலைவரிசை தேடும் தொல்லையும் கரகர ஒலியும் இல்லை. கடைகளிலும் காப்பி விடுதிகளிலும் அது ஒலித்துக்கொண்டிருந்தது. 2012 வரை அச்சேவை நீடித்ததென்றால், மக்கள் அதனை எத்துணை விரும்பினர் என்பது விளங்கும்.

இந்தியாவில் அக்காலத்தே நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1952-இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்கும் நோக்குடன் வானொலியில் திரைப்படப் பாடல்களுக்குரிய இடத்தைப் பெரிதும் சுருக்கினார். அக்கொள்கையால் சாஸ்திரிய சங்கீதம் பல இல்லங்களை எட்டியது உண்மை. அதே வேளையில் நேயர் பலர் பெட்டியின் குமிழைச் சிறிது திருப்பி, இலங்கை வானொலியைக் கேட்கலாயினர். கடலைக் கடந்து வந்த அலையைத் தடுக்க வேலி ஏது? 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தோன்றியதற்கு அவ்வாறு திரும்பிய குமிழ்களும் ஒரு காரணம். நம் இல்லங்களிலும் ஒரே கம்பி மட்டும் இருந்திருப்பின், திருப்புவதற்குக் குமிழே இருந்திராது. கேட்போர் தம் விருப்பத்தை ஆள்வோருக்கு உணர்த்தும் உரிமையை வானலை அளித்தது. அக்காலத்தில் வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது உண்மையே. 1980-களில் அதுவும் நீக்கப்பட்டது.

ஐரோப்பாவில் கம்பி முதலிலும் வானலை பின்னரும் வந்தன. நம் நாட்டு வீடுகளிலோ வரிசை மாறிற்று. 1990-களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் பொருட்டு, கூரையிலிருந்து கூரைக்குத் தாவி 'கேபிள்' வந்தது. அதன் பின்னர்க் கண்ணாடி இழை வந்தது. இன்று மைசூரில் ஓர் இல்லத்தில் கைப்பேசியைத் தொட்டவுடன் ஒரு கீர்த்தனை ஒலிக்கிறதென்றால், அது வானத்திலிருந்து இறங்கியது போலத் தோன்றலாம். உண்மையில் அது எங்கோ உள்ள கணினிக் கிடங்கிலிருந்து புறப்பட்டு, நிலத்தடி இழைகளின் வழியாகவும், சில வேளை கடலடி வடங்களின் வழியாகவும் ஒளித்துடிப்பாகப் பயணம் செய்து, வீட்டிலுள்ள 'ரூட்டர்' என்னும் சிறு பெட்டியை அடைகிறது. அங்கிருந்து ஒலிபெருக்கி வரையுள்ள சில அடிகள் மட்டுமே கம்பியற்ற வழி. ஏறத்தாழ பத்தில் ஒரு வாட் ஆற்றலுடைய அப்பெட்டி, வீட்டளவில் அமைந்த ஓர் ஒலிபரப்பு நிலையம் எனலாம்.

அச்சில அடிகளுக்குள் கம்பி நன்றா, வானலை நன்றா என்பதே இன்றைய வினா. ஓர் இசைத்தட்டின் தரத்தில், ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் அளவான செய்தியாகிறது. 'புளூடூத்' முறையில் இது முழுமையாகச் செல்வதில்லை. பொதுவாக நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கியே அனுப்பப்படுகிறது. அதன் எல்லையும் ஏறக்குறைய பத்து மீட்டர்தான். 'வைஃபை' முறையோ சுருக்காமலே அனுப்ப வல்லது. ஆயினும் இவ்விரண்டும் பெரிதும் பயன்படுத்தும் அலைகளின் நீளம் சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர். பழைய மத்திய அலைகளின் நீளமோ நூற்றுக்கணக்கான மீட்டர். நீண்ட அலை வீட்டையும் மரத்தையும் சூழ்ந்து சென்றுவிடும். குற்றலை தடித்த சுவரிலும் இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டிலும் தளர்ந்துவிடும். உரிமம் வேண்டாத பொதுவழி ஆதலால், அடுத்த வீட்டாரின் கருவியும் சமையலறை நுண்ணலை அடுப்பும் அதே வழியில் நெரிசல் செய்யும்.

காலத் தாழ்வு என்பது மற்றொரு குறை. புளூடூத் வழியில் ஒலி, நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாக வரக்கூடும். பாட்டை மட்டும் கேட்போருக்கு இதனால் கேடில்லை. தொலைக்காட்சியில் பாடகரின் உதட்டைப் பார்த்துக் கேட்போருக்கு அது உறுத்தும். இரு அறைகளில் இரு ஒலிபெருக்கிகள் வைத்தால் அவை ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டும். இல்லையேல் மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்கும். வலைப்பின்னல் கம்பி நூறு மீட்டர் வரை இத்தொல்லைகள் அனைத்தையும் பெரும்பாலும் தவிர்க்கிறது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் செம்புக் கம்பியோ, போதிய பருமன் இருப்பின், பல்லாண்டுகள் பழுதின்றி உழைக்கும். கம்பியற்றது என்று விற்கப்படும் ஒலிபெருக்கிக்கும் மின்சாரக் கம்பியோ, அவ்வப்போது மின்னேற்றமோ வேண்டியிருத்தலை மறக்கலாகாது. ஆகவே, ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கருவிக்குக் கம்பியும், இடம் மாறும் கருவிக்கு வானலையும் ஏற்றவை என்பது நடைமுறைக்கு உகந்த முடிவு.

ஆனால் வரலாறு நமக்கு உணர்த்தும் செய்தி இதனினும் ஆழமானது. இன்றைய கம்பியற்ற ஒலிபெருக்கி, தோற்றத்தில் கோபாலசுவாமியின் வானொலிக்கு உறவுபோல் தெரிகிறது. இயல்பிலோ அது பாரிஸ் நகரத் தொலைபேசிச் சேவைக்கே நெருங்கிய வாரிசு. கட்டணம் செலுத்தியோ பெயரைப் பதிந்தோ கணக்குத் திறந்தோருக்கே அது பாடுகிறது. இன்னார் இன்ன நேரத்தில் இன்ன பாட்டைக் கேட்டார் என்று குறித்து வைக்கிறது. மறுமுனையில் இருப்பவர் ஒரு பாடலை எடுத்துவிட்டால் நம் வீட்டில் அது ஒலிக்காது. கண்ணுக்குக் கம்பி தெரியவில்லையே அன்றி, ஒவ்வோர் இல்லத்துக்கும் தனித்தனியே ஓர் இழை கட்டப்பட்டுத்தான் இருக்கிறது. இதில் நன்மையும் உண்டு: விரும்பிய பாட்டை விரும்பிய பொழுதில் கேட்கும் வாய்ப்பை எந்த வானொலியும் தந்ததில்லை. மறைந்த வித்துவான்களின் பழைய பதிவுகளைச் சிற்றூரில் இருப்பவரும் இன்று கேட்கிறார்.

ஆகையால், கம்பியா வானலையா என்று கேட்கும்போது இரு வினாக்களைப் பிரித்துக் கேட்டல் வேண்டும். ஒலி எவ்வளவு தெளிவாகவும் உறுதியாகவும் வருகிறது என்பது முதல் வினா. அதில் கம்பி இன்றும் முன்னிற்கிறது. அவ்வொலி யாருக்காக வருகிறது, அதனைத் திறக்கவும் மூடவும் வல்லவர் யார் என்பது இரண்டாம் வினா. அதில், யாரென்று கேளாமல் எல்லோர்க்கும் ஒன்றுபோல் ஒலிக்கும் பொது ஒலிபரப்புக்கு ஈடு இன்னும் தோன்றவில்லை. இணையம் அற்றுப்போன மழை நாளிலும், கட்டணம் செலுத்த இயலாத மாதத்திலும், ஒரு சிறு வானொலிப் பெட்டி மின்கலம் ஒன்றின் துணையுடன் பாடிக்கொண்டிருக்கும். மைசூர் ஆகாசவாணி இன்று பண்பலையில் ஒலிக்கிறது. கூடத்து ஒலிபெருக்கிக்கு நல்ல கம்பி ஒன்றை இழுத்துக்கொள்ளுங்கள். அதன் அருகே ஒரு வானொலிப் பெட்டிக்கும் இடம் விட்டு வையுங்கள்.